இல்லம் உள்ளவர்கள் அறியத் தரவும்

எங்கள் தோட்டத்து மண்ணுக்கு இரண்டு சொந்தக்காரர்கள். தேயிலை வேர் போகும் ஆழம்வரை கம்பனிக்கு, அதற்குக் கீழே சர்க்காரின் சுரங்க அலுவலகமான சுரங்கக் கந்தோருக்கு. வெள்ளைக்காரன் தொடங்கி வைத்த கந்தோர் அது. சுதந்திரம் வந்ததும் நாற்காலியில் ஆள் மாறினார், பிறகு கடிதங்களில் மொழி மாறியது. பொகவந்தலாவை ஆற்றோரம் எவனாவது மண்வெட்டியை ஓங்கினால் மாணிக்கம் தோண்டுகிறானோ என்ற சந்தேகம் மட்டும் மாறவேயில்லை.

ஒருநாள் காலை, ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அந்தக் கந்தோரின் சிங்கள அறிவித்தல் ஒட்டியிருந்தது. பசார்க் கடையில் வேலை பார்த்ததில் எனக்குச் சிங்களம் எழுத்துக்கூட்ட வரும். அந்தத் திமிரில் எல்லாருக்கும் உரக்கத் தமிழில் சொன்னேன்: "இல்லம் உள்ளவர்கள் அறியத் தரவும்."

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிரஜாவுரிமைக்கு மனுப்போட்டு வருடக்கணக்காக விசாரணைக்குக் காத்திருந்தவர். இங்கேதான் நிரந்தரமாகக் குடியிருக்கிறோம் என்று காட்ட ஒரு சர்க்கார் கடுதாசி வேண்டும், அதுதான் அவரிடம் இல்லை.

"பாத்தியா, நம்ம லயத்துக் காம்பராவ சர்க்காரு மரியாதையா இல்லம்னு சொல்லுது! எழுதுடா" என்றார். எழுதினேன்: பத்தடிக்குப் பன்னிரண்டடி இல்லம், ஆறு பேர், கூரை ஒழுகும்.

பத்தே நாளில் ஜீப் வந்தது. அரசாங்கம் எங்களுக்காக அவ்வளவு அவசரப்பட்டதை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. அப்பா கதவைத் திறந்துவைத்து, "உள்ள வாங்கய்யா" என்றார். அவர்கள் எட்டியும் பார்க்காமல் பின்பக்கம் போய் அம்மா கோவா, அதாவது முட்டைக்கோஸ், போட்டிருந்த பாத்தியைத் தோண்டினார்கள்.

"கல்வீடு கட்டத்தான் அஸ்திவாரம் பாக்குறாங்க" என்றார் அப்பா.

மெதுவாக ஜீப் டிரைவரிடம் விசாரித்தேன். சிங்களத்தில் 'இல்லம' என்றால் மாணிக்கக்கல் கிடக்கும் சரளை மண்ணாம். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரு மாதத்தில் முத்திரை குத்திய சிங்களக் கடிதம் வந்தது: பரிசோதித்தோம், இல்லம இல்லை.

"என்னடா எழுதியிருக்கு?"

"நேர்ல வந்து பாத்தாங்களாம்ப்பா" என்றேன். பொய்யில்லைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நுவரெலியாவில் விசாரணை நடந்த அன்று துணைக்குப் போனேன். அப்பாவின் மடியில் அந்தக் கடிதம் இருந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று வழியெல்லாம் துடித்தேன். தைரியம் வரவில்லை. இன்றும் அதற்காக வெட்கப்படுகிறேன்.

அத்தாட்சி கேட்டார்கள். அப்பா கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார். மொழிபெயர்ப்பாளர் வாசித்துவிட்டு, என்னைப் போலவே அரைகுறைச் சிங்களக்காரர்போலும், உரக்கச் சொன்னார்:

"இவருக்கு இங்கே இல்லம் இல்லையாம்."

அப்பா அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.