மெக் சோம் வீட்டில் ஏறிய எறும்பு

மெக் சோமுக்கும் எறும்புக்கும் உள்ள பகைக்கு யா அக்காதான் காரணம். யா அக்கா அவளுடைய நாத்தனார், பக்கத்து வீடு. சோம் கல்யாணமாகி வந்த முதல் மழைக்காலத்தில் யா அக்கா ஆக்கோக் பலகாரம் சுட்டுக் கொடுத்தனுப்பினாள். முட்டையும் பனைவெல்லமும் பாதி, எறும்பு பாதி. கேட்டதற்கு, "இனிப்புக்குக் கொஞ்சம் காரம் வேணாமாடி?" என்று சிரித்தாளாம். அன்று சோமுக்குப் பிடித்த வெறி முப்பது வருஷமாகியும் அடங்கவில்லை.

அவள் போர் தொடுக்கிற விதத்தில் ஒரு மரியாதை உண்டு. வாடைக்காற்று தொடங்கியதும், தூண்மேல் நிற்கிற வீட்டுக்கு அடியில் போய்த் தூண்களுக்கு நடுவே குந்துவாள். "சுலைமான் நபி உங்களுக்கு சலாம் சொன்னாரு. மூணு நாளு தவணை. நல்லவிதமா வேற இடம் பாத்துக்கோங்க" என்று, எறும்பின் பேச்சு அறிந்த அந்த நபியின் பேரால் எறும்புகளிடம் சொல்லிவிட்டு வருவாள். நாலாம் நாள் சலாம் கிடையாது. பன்னிரண்டு தூணிலும் மண்ணெண்ணெய் நனைத்த துணியைச் சுற்றுவாள். சாப்பாட்டு அலமாரியின் நாலு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் இறங்கும். கூரையைத் தொடுகிற ரம்புத்தான் கிளையை வெட்டுவாள். சுவரில் கட்டிய துணிக்கொடியைக் கூட அவிழ்த்துவிடுவாள். புருஷன் டெராமான் தேநீரைப் படிக்கட்டில் உட்கார்ந்து குடித்து, அங்கேயே வாய் கழுவிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும்.

"என்னையும் ஒரு கிண்ணத்துல நிக்க வச்சிடு, தீர்ந்துச்சு" என்பான் அவன்.

"உன் காலுக்கேத்த கிண்ணம் கிளந்தான் பூரா தேடினாலும் கிடைக்காதுய்யா!"

சந்தில் எல்லாரும் சோமைக் கிண்டல் செய்வார்கள். ஆனால் அவளை நம்பித்தான் எட்டு வீடும் தூங்கும். எங்களுடையது கிளந்தான் ஆற்றங்கரைச் சந்து. வெள்ளம் வருமுன் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் யார் வீட்டு எறும்பை நம்புவது? யா அக்கா வீட்டில் பன்னிரண்டு மாதமும் எறும்பு ஊரும். சோமின் கட்டுக்காவலையும் மீறி உள்ளே வந்தால்தான் அது நிஜமான சேதி. இரண்டு பெரிய வெள்ளத்தில் அந்தக் கணக்கு தப்பவில்லை. ஆக, "சோம் வீட்டுல ஏறிடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் எங்கள் சந்தில் மூட்டை கட்டுவது வழக்கம். சோமுக்கு அது மானக்கேடு. இந்தத் தடவை ஒன்றே ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது என்று ஒவ்வொரு வருஷமும் பல்லைக் கடிப்பாள்.

முப்பதாவது வருஷம் லாரிப் பட்டறையில் வேலை செய்யும் அவள் தம்பி ஒரு டின் கிரீஸ் கொண்டுவந்து கொடுத்தான். மண்ணெண்ணெய் காய்ந்துவிடும், கிரீஸ் காயாது. தூண்களிலும் படிக்கட்டின் காலிலும் ஒரு சாண் அகலத்துக்கு வளையம் வளையமாகப் பூசினாள்.

அதே வருஷம்தான் யா அக்காவின் புருஷன் அவாங் தென்னையிலிருந்து விழுந்து, தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டோடு கிடந்தார். வெள்ளம் வந்தால் எல்லாரும் ஒதுங்குகிற மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அவரை வண்டியில்தான் கொண்டுபோக முடியும். பாதை முழுகிவிட்டால் படகுதான். அந்தக் காலோடு மனிதரைப் படகில் ஏற்றுவதை நினைத்தாலே யா அக்காவுக்குப் பயம்.

மழை விடாமல் ஐந்து நாள் கொட்டியது. தினமும் காலையில் யா அக்காவின் தலை ஜன்னலில் தெரியும்.

"சோம்! வந்துச்சா?"

"ஒண்ணுகூட இல்ல!" என்று எட்டு வீட்டுக்கும் கேட்கும்படி கத்துவாள் சோம். அவள் குரலில் இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. எல்லாரும் நிம்மதியாக மறுபடி போர்த்திக்கொண்டு படுப்பார்கள்.

ஆறாம் நாள் மத்தியானம் காய்ந்த விறகு எடுக்க வீட்டுக்கு அடியில் போனாள். முதல் தூணைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. கிரீஸ் வளையத்துக்குக் கீழே எறும்புகள் கனத்த கறுப்புக் கயிறாகத் தூணைச் சுற்றி நின்றன. ஒவ்வொன்றின் வாயிலும் குருணை போல ஒரு முட்டை. முன்னால் போனவை கிரீஸில் ஒட்டிச் செத்திருந்தன. பின்னால் வந்தவை அவற்றின்மேல் ஏறிப் பார்த்து, முடியாமல் திரும்பிச் சுற்றிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு தூணிலும் அதே கதை. எத்தனை நாளாக நிற்கின்றனவோ! அவள் வீட்டுக்குள் மட்டும்தானே தேடினாள். தான் ஐந்து நாளாக 'ஒண்ணுகூட இல்ல' என்று கத்தியது நினைவு வந்தது.

கொட்டுகிற மழையில் யா அக்கா வீட்டுக்கு ஓடினாள். "அக்கா, மூட்டையக் கட்டு! எறும்பு வந்துடுச்சு!"

"உன் வீட்டுக்குள்ளயா?"

"உள்ள இல்லக்கா. தூணுக்குக் கீழ நிக்குது, கிரீஸத் தாண்ட முடியாம."

யா அக்கா சிரித்தாள். "கீழ நிக்கிறது என் வீட்டுலயும்தான் நிக்குது. மேல ஏறினா வந்து சொல்லு. இவர ஒரு தரம் அசைச்சா உயிர் போற மாதிரி கத்துறாருடி. சும்மா தூக்கச் சொல்றியா?"

சோம் திரும்பிப் போய், யா அக்கா ஜன்னலுக்கு நேரே இருந்த தூணிடம் நின்றாள். தலைத்துணியை உருவி, வளையத்தை வழித்து எடுத்தாள். எறும்புகள் அவள் விரல்மேல் ஏறி, கையைக் கடித்து, முழங்கை வரை வந்தன. பாதை கிடைத்ததும் தூணோடு மேலே போய்ப் பலகை இடுக்கு வழியாகச் சமையலறைக்குள் நுழைந்தன. முப்பது வருஷம் கட்டிக்காத்த வீடு. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இப்ப வந்து பாருக்கா!"

யா அக்கா வந்தாள். சமையலறைத் தரையில் அரிசிப் பானையை நோக்கிப் போகும் கறுப்புக் கோட்டைப் பார்த்தாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. சட்டியை எடுத்து வாசலில் நின்று தட்டினாள். "சோம் வீட்டுல ஏறிடுச்சு! சோம் வீட்டுல ஏறிடுச்சு!"

ஒரு மணி நேரத்தில் எட்டு வீடும் மூட்டை கட்டியது. முதல் வண்டியில் அவாங்கை ஏற்றினார்கள். அவர் கத்திய கத்தலில் மழையே கேட்கவில்லை. கடைசி வண்டி கிளம்பும்போது பாதையில் கணுக்கால் அளவு தண்ணீர். எல்லாரும் இருந்தார்கள், சோமைத்தான் காணவில்லை.

"அடியே, தண்ணி ஏறுது! எங்கடி போய்த் தொலைஞ்ச?" என்று வண்டியிலிருந்து யா அக்கா அலறினாள்.

டெராமான் தேடிக்கொண்டு வீட்டுக்கு அடியில் போனான். சோம் ஆறாவது தூணை வழித்துக்கொண்டிருந்தாள். கை இரண்டும் கடிபட்டு வீங்கியிருந்தன.

"அதான் எல்லாரும் நம்பிட்டாங்களே. இன்னும் என்னத்துக்குத் துடைக்கிற?"

"அதுங்களும் புள்ளைங்களத் தூக்கிக்கிட்டுத்தானே நிக்குதுங்க" என்றாள் சோம், திரும்பாமலே.

டெராமான் சட்டையைக் கழற்றிக்கொண்டு அடுத்த தூணுக்குப் போனான்.