வேதக்கோயில் வாசலில் பூ

கோலா சாவா ரப்பர் தோட்டத்து வேதக்கோயிலில் நான் பாதிரியாருக்கு உதவியாக, உபதேசியாராக இருந்தேன். பூ வைத்த பெண்களை உள்ளே விடமாட்டேன். பூ அஞ்ஞானம் என்பது பழைய பாதிரியார்களின் சட்டம். வாசலில் கழற்றிப்போட்ட பூவைத் தின்றே கங்காணி வீட்டு ஆடு கொழுத்தது.

ஒரு மணப்பெண் கழற்ற மறுத்துவிட்டாள்.

“கல்யாணத்தன்னிக்கே பூவெடுக்க நான் என்ன தாலியறுத்தவளா, உபதேசியாரே?”

“அப்போ கல்யாணம் கிடையாது” என்றேன்.

புதிதாக வந்திருந்த பாதிரியார் வாசலுக்கே வந்துவிட்டார். “பூவோட வாம்மா. பூவைப் படைச்சவருதான் உள்ளே இருக்காரு.”

ஆடு ஏமாந்து கத்தியது.

எங்கள் கல்யாணத்தன்று அதே வாசலில் என் மனைவியையும் பூவைக் கழற்றவைத்தவன் நான். அவளும் கழற்றிப்போட்டாள். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெண் பூவோடு உள்ளே போன அன்று மாலை, மனைவிக்கு மல்லிகை வாங்கிப் போனேன்.

“எனக்கா, ஆட்டுக்கா?” என்று சிரித்தாள்.