வலப்பக்கத்துக் கேன்

மாதம் ஒருமுறை கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர்சுற்றப் போகிற எங்கள் மோட்டார் சைக்கிளில் தண்ணீர் கொண்டுபோவதற்கென்று ஒரு முறை உண்டு. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் அடித்து, பக்கத்துக்கு ஒன்றாக ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன். இடப்பக்கத்துக் கேன் என் கணவருக்கு, வலப்பக்கத்துக் கேன் எனக்கு. சமையலுக்கு இரண்டிலிருந்தும் சரிபாதி எடுக்க வேண்டும். குடிப்பதற்கு அவரவர் கேன். அப்போதுதான் இரண்டும் ஒரே சீராகக் குறையும், வண்டி ஒருபக்கமாக இழுக்காது என்பது அவர் கண்டுபிடிப்பு. கிணற்று மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற தொழில் அவருக்கு. எதைப் பார்த்தாலும் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

அந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை. நான் தண்ணீர் குடிக்க மாட்டேன்.

தாகம் இல்லாமல் இல்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அவர் சாலையோரம் வண்டியை நிறுத்தி, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றால் முடிந்தது. எனக்கு மறைவு வேண்டும். அந்த மறைவுக்குப் பின்னால் ஆடு மேய்க்கிறவர் உட்கார்ந்திருக்கக் கூடாது. எதிரே மாடி வீடு இருக்கக் கூடாது. திண்டுக்கல்லைச் சுற்றி நாங்கள் போகிற இடமெல்லாம் வெட்டவெளி. தக்காளி, வெங்காயம், கத்தரி எல்லாம் முழங்காலுக்கு மேல் வளராதவை. ஒட்டன்சத்திரம் பக்கம் முருங்கைக் காடு நிறைய உண்டு, ஆனால் முருங்கையைப் போல மறைப்புக்கு உதவாத மரம் உலகத்தில் கிடையாது. தென்னந்தோப்பில் இந்த முனையில் நின்றால் அந்த முனையில் மாடு கட்டியிருப்பது தெரியும். மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நிற்கிற மாதங்கள் மட்டும் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லை. மற்றவர்கள் காட்டைப் பார்த்து விளைச்சலைச் சொல்வார்கள். நான் உயரத்தைப் பார்ப்பேன்.

இதை அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். சொன்னால் அவர் கோபப்பட மாட்டார். அக்கறைப்படுவார். அதுதான் எனக்குப் பயம். முன்பு அவரோடு பின்சீட்டில் ஒரு நண்பர் போய்க்கொண்டிருந்தார். ஒருமுறை இறங்கும்போது இடுப்பு வலிக்கிறது என்றார். அன்றிலிருந்து அவருடைய இடுப்புக்கு நல்லது என்று இவர் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். அந்த மனிதர் இன்றைக்கும் டீக்கடையில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருடைய இடம்தான் எனக்கு வந்தது.

அந்தப் பின்சீட்டை இழக்க எனக்கு மனமில்லை. ஹெல்மெட்டுக்குள் தலையை வைத்துக்கொண்டால் யாரோடும் பேச வேண்டியதில்லை. ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் காலை வரை என்னிடம் யாரும் ரிசல்ட் கேட்க மாட்டார்கள். நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் வேலை பார்க்கிறேன். காலை ஏழு மணியிலிருந்து ரத்தமும் சிறுநீரும்தான். அந்த ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர்களின் கவலையெல்லாம் என் முகத்தில்தான் வந்து விழும். அதிலிருந்து மாதம் ஒருமுறை தப்பித்துக்கொள்ள எனக்கு அந்தச் சீட் வேண்டும். தாகம் அதற்கு நான் கொடுக்கிற விலை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு பயணங்களில் திரும்பி வரும்போது வண்டி வலப்பக்கம் இழுத்தது. அவர் இறங்கி இரண்டு கேனையும் தூக்கிப் பார்த்தார். என்னுடையதில் பாதிக்கு மேல் இருந்தது. “நீ அளவாக் குடிக்கிற ஆளு” என்று மெச்சிக்கொண்டு, என் தண்ணீரில் கொஞ்சத்தைத் தன் கேனில் ஊற்றிச் சமன் செய்தார். தன் பட்டறைக்கு வருகிறவர்களிடமும் சொல்லியிருக்கிறார், என் வீட்டுக்காரிக்கு ரெண்டு மடக்குப் போதும் என்று. மூன்றாம் பயணத்தில் சந்தேகம் வந்தது. உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். அக்கறை தலையெடுக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் ஊற்ற ஆரம்பித்தேன். அரிசியைத் தேவைக்கு மேல் இரண்டு முறை கழுவுவேன். அவர் கூடாரக் கம்பி அடிக்கும்போது பாத்திரத்தைக் கழுவுகிற சாக்கில் ஒரு லிட்டரைச் செடிக்கு விடுவேன். அது ஆத்தூர் அணைத் தண்ணீர். நகராட்சிக் குழாயில் முறை வைத்து வருவதைப் பிடித்து, காய்ச்சி, வடிகட்டி அவர் கேனில் நிரப்புவார். போகிற வழியில் போர்வெல் தண்ணீர் எல்லாம் உப்பு என்பதால் வெளியில் ஒரு வாய் குடிக்க விடமாட்டார். அய்யலூர்ச் சந்தைக்கு வருகிறவர்கள் எடை கூட்டிக் காட்ட ஆட்டுக்குத் தண்ணி காட்டுவார்கள். நான் என் வீட்டுக்காரருக்குக் காட்டினேன். வண்டி நேராக ஓடியது. அவருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி.

போன வருடம் கோடையில் ஒரு பயணம் முடிந்து வந்த மறுநாள் எரிச்சல் தொடங்கியது. அடுத்த நாள் குளிர்ஜுரம். லேபில் கூட வேலை செய்கிறவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து என் சிறுநீர் மாதிரியை நானே எடுத்து, நானே ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். சீழ் அணுக்கள் எண்ண முடியாத அளவுக்கு அப்பிக்கிடந்தன. வேறு ஒருவருடையதாக இருந்தால் ஒரு நிமிடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அன்றைக்கு மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே கொஞ்ச நேரம் ஆனது. எனக்கு வெட்கமாக இருந்தது. எத்தனை பெண்களிடம் “தண்ணி நெறையாக் குடிங்கம்மா” என்று சொல்லி அனுப்பியிருப்பேன்.

டாக்டர் மாத்திரை எழுதினார். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்றார். இன்னொரு முறை வந்தால் கிட்னியைத் தொட்டுவிடும் என்றும் சொன்னார். வீட்டில் நான் நீர்க்கடுப்பு, சூடு பிடித்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் உடனே விளக்கெண்ணெய் எடுத்து வந்து தொப்புளிலும் கால் பெருவிரலிலும் வைத்துவிட்டார். நானும் பேசாமல் படுத்திருந்தேன், மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு. ஆனால் அவர் மனத்தில் குற்றவாளி வேறு. கேன்தான் கெட்டுப்போய்விட்டது, பிளாஸ்டிக்கில் பாசி பிடித்திருக்கும் என்று இரண்டையும் தூக்கி எறிந்தார். புதிதாக ஏழு லிட்டர் கேன் இரண்டு வாங்கி, பட்டறையில் சட்டத்தை அகலமாக்கினார். இனிமேல் எனக்கு ஏழு லிட்டர் நல்ல தண்ணீர். நான் ஏழு லிட்டரை எங்கே ஊற்றுவது என்று யோசித்தேன்.

அடுத்த பயணம் தொப்பம்பட்டிப் பக்கம். அவர் மோட்டார் கட்டிக்கொடுத்த ஒருவருடைய தென்னந்தோப்பில் தங்க இடம் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் அவர் கம்பி அடித்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல ஒரு தென்னம்பிள்ளையின் அடியில் கேனைச் சாய்த்தேன். தோப்புக்காரரின் மனைவி மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தவர் நின்றுவிட்டார். என் வயதுதான் இருக்கும். அவர்கள் குடிப்பதற்கு நல்ல தண்ணீரை ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஊருக்குள் போய்ப் பிடித்து வருகிறவர்கள்.

“ஏனுங்க்கா, அது குடிக்கிற தண்ணிங்களா?”

ஆமாம் என்றேன். பொய் சொல்ல எதுவும் அகப்படவில்லை. அவர் கேனைப் பார்த்தார், சுற்றியிருந்த வெட்டவெளியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். விளக்கம் கேட்கவில்லை. தக்காளி பறிக்கப் போகிற நாளில் தானும் காலையில் ஒரு டம்ளர் காபியோடு சரி என்று சொன்னார். கூட வருகிற பெண்கள் எல்லாருமே அப்படித்தானாம். பிறகு தட்டுக் கட்டைக் கீழே போட்டுவிட்டு, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் தங்கள் வீட்டுக் கழிப்பறை இருப்பதைக் கை காட்டினார்.

“எங்கூட்டுல இருக்குதுங்க. எப்ப வேணா வாங்க. தண்ணியக் குடிங்க மொதல்ல.”

அந்தப் பெண் மெதுவாகப் பேசுகிறவர் இல்லை. காட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் குரல் அப்படித்தான் அமையும். கம்பி அடிக்கிற சத்தம் நின்றுபோனதை அப்போதுதான் கவனித்தேன்.

என் கணவர் எழுந்து வந்தார். தென்னம்பிள்ளையின் அடியில் ஈரத்தைப் பார்த்தார். கேனைத் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். அரிசி கழுவியதும் செடிக்கு விட்டதும் ஸ்லைடும் மாத்திரையும் எல்லாம். சொல்லி முடிக்கிறவரை அவர் கையில் சுத்தியல் இருந்தது. காலையில் கூடாரத்தை மடிக்கும்போதுதான் பேசினார்.

“ஒனக்கு இம்புட்டுக் கஷ்டம்னா இனிமே வேணாம்மா. நீ வீட்லயே இரு.”

நான் இத்தனை நாளாக எதற்குப் பயந்தேனோ அது வந்துவிட்டது. அவர் முகத்தில் கோபம் துளியும் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முதலில் வெளியே வந்தது.

“வாரதுல ஒரு கஷ்டமும் இல்ல. நிறுத்தச் சொல்றதுதான் கஷ்டம். சொன்னா நிறுத்துறீங்களா, இல்ல என்னைய வீட்ல விட்டுட்டு வாரீங்களா?”

அவர் வண்டிப் பக்கம் திரும்பினார். கட்ட வேண்டியதைக் கட்டினார். நான் தோப்புக்காரர் வீட்டுப் பக்கம் போய்விட்டு வந்து, அவர் எதிரே நின்று என் கேனிலிருந்து அண்ணாந்து குடித்தேன். நிறுத்தாமல் ஒரு லிட்டராவது குடித்திருப்பேன். வயிறு கனத்தது. கிளம்பினோம்.

ஒட்டன்சத்திரம் தாண்டினோம். கேரளாவுக்குப் போகிற காய்கறி லாரிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன. குடித்தது வேலையைக் காட்ட ஆரம்பித்தது. அடுத்த பெட்ரோல் பங்க் வரை, அதற்கடுத்த ஊர் வரை என்று என் மனம் பழக்கப்படி தவணை கேட்டது. பிறகு அவர் தோளைத் தட்டினேன். நிறுத்துங்க என்றேன். இத்தனை பயணங்களில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் முறை.

நிறுத்தினார். சாலையை விட்டு இறங்கினால் நாலைந்து சீமைக்கருவேலம், அவ்வளவுதான். அவர் மழைக்கோட்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, சாலையைப் பார்த்தபடி நின்றார். ஒரு பஸ் போனது. யாரோ ஜன்னலிலிருந்து என்னவோ கத்தினார்கள். அவர் கையை இறக்கவில்லை.

எழுந்து வந்து கையைக் கழுவினேன். அவர் மழைக்கோட்டை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். என் பக்கம் பார்க்காமல் கேட்டார், நாம் முதல்முதலில் போனதிலிருந்தே இப்படித் தண்ணீர் குடிக்காமல்தானா என்று.

“இல்ல” என்றேன். “அஞ்சாப்பு படிக்கையில இருந்து.”