குராமோச்சி-சான் பாடாத பாட்டு

வருடக் கடைசி விருந்து முடிந்து எங்கள் சலவை ஆலைக்காரர்கள் கரோக்கிக்குப் போனால், குராமோச்சி-சான் கதவோரம்தான் உட்காருவார். யாருக்கு என்ன குடிக்க வேண்டும் என்று கேட்டுச் சுவர் ஃபோனில் சொல்வது அவர் வேலை. மற்றவர்கள் பாடும்போது சலங்கை கோத்த டாம்பரின் தட்டுவதும் அவர்தான். மைக் தன் பக்கம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் மடியில் தள்ளிவிடுவார். பதினெட்டு வருடமாக இப்படித்தானாம். தொண்டையில் ஏதாவது அறுவை சிகிச்சை நடந்திருக்கும் என்றுகூடச் சிலர் நினைத்திருந்தார்கள்.

அவர் முழுப்பெயர் குராமோச்சி சிஹாரு. வயது நாற்பத்தாறு, ஒரு மகனுக்கு அம்மா. வெந்நீர் ஊற்று விடுதிகளில் இருந்து வரும் படுக்கை விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் நுழைக்கும் வேலை அவருக்கு. விரிப்பின் ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனை என் கையில். என் பெயர் மினோவா; எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். செண்டாய் நகரத்தில் பட்டம் வாங்கியபின் மூன்று மாதம் மட்டும் என்று இங்கே வந்தேன். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. எதைத் தேடுகிறேன் என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. குராமோச்சி-சான் கேட்டதில்லை. "பட்டதாரி, உன் பக்கம் சுருங்குது பாரு" என்பதோடு சரி.

உருளை ஓடும்போது அவர் உதடுகள் அசைவதைப் பார்த்திருக்கிறேன். அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்காது. தனக்குத்தானே பேசிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

போன பிப்ரவரியில் சாப்பாட்டு இடைவேளையில்தான் விஷயம் வெளியே வந்தது. பிள்ளைகள் குறைந்துபோனதால் அவர் படித்த உயர்நிலைப் பள்ளியை மூடுகிறார்கள். மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர்கள் கூடுகிறார்கள். பள்ளி நாட்களில் அவரும் மூன்று பையன்களும் சேர்ந்து ஒரு ராக் குழு வைத்திருந்தார்களாம். கிதார் வாசித்த நெமோத்தோ இப்போது டயர் கடைக்காரர். எல்லோரும் சேர்ந்து அப்போது மேடையில் வாசித்த ஒரு பாட்டை மட்டும் வாசிப்போம் என்று அவர் கூப்பிட்டிருக்கிறார். இவர் கைதட்ட மட்டும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். பாடுவதற்கு நெமோத்தோவின் அண்ணன் மகளை ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

ஏன் என்று கேட்டேன். சோற்று உருண்டையைப் பிரித்துக்கொண்டே சொன்னார். தொண்ணூற்றாறில், பள்ளிக் கலாசார விழாவில், அந்த வருடம் எல்லாக் கடைகளிலும் ஒலித்த பாட்டை எடுத்துக்கொண்டார்கள். பெண் குரல் பாடும் ராக் பாட்டு. கடைசிச் சரணத்தில் ஓர் உச்ச இடம் உண்டு. ஐந்து மாதம் பயிற்சி செய்தும் அந்த இடம் பத்துக்கு இரண்டு முறைதான் வசப்பட்டது. விழா அன்று எண்ணூறு பேர் முன்னால் குரல் கிழிந்தது. முன்வரிசையில் யாரோ சேவல் மாதிரிக் கூவிக் காட்டினார்கள். பள்ளி முடியும்வரை அவருக்குச் சேவல் என்றுதான் பெயர். குழுவும் அதோடு கலைந்தது.

"சுதியை இறக்கிப் பாடியிருக்கலாமே," என்றேன்.

"அப்படிப் பாடினா அது அந்தப் பாட்டே இல்ல," என்றார்.

அந்தத் தலைமுறை அப்படித்தான். கரோக்கிப் பெட்டியில் சுதியை ஏற்றவும் இறக்கவும் பொத்தான் இருக்கிறது. நாங்கள் யோசிக்காமல் அமுக்குவோம். அவர்களுக்கு அதைத் தொடுவது தோற்றதாக ஒப்புக்கொள்வது.

கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும், தன்னோடு கரோக்கிக்கு வர முடியுமா என்று கேட்டார். ஒரே ஒரு முறை பாடிப் பார்க்கப் போகிறார். அந்த உச்சம் இன்றும் வராவிட்டால் கூட்டத்துக்கே போகப்போவதில்லை.

"ஏன் என்னைக் கூப்பிடறீங்க?"

"நீ இந்த ஊர்க்காரி இல்ல. நான் கூவினாலும் உன்னோட போயிடும்."

பகலில் அந்த இடம் முழுக்கத் தாத்தாக்கள். எங்களுக்குச் சிறிய அறை கிடைத்தது. மெலன் சோடாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் எழுந்து நின்றார். டாம்பரினை என்னிடம் தள்ளினார். நான் தட்டவில்லை, பயமாக இருந்தது.

முதல் வரியிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரும்புத் தகரத்தை உலுக்கியது போன்ற குரல். இத்தனை நாள் எதிரே நின்றும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கடைசிச் சரணம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு உச்சத்துக்குப் போனார். குரல் போய்த் தொட்டது, இன்னும் மேலே போகக் கொஞ்சம் இடம்கூட மிச்சமிருந்தது.

அவர் மைக்கை வைத்துவிட்டுப் பாட்டை நிறுத்தினார். முகம் சிவந்திருந்தது.

"நீதானே அமுக்கின?"

"எதை?"

"சுதிய. பாவம் பாத்து இறக்கிட்டியா? உன் தயவெல்லாம் எனக்கு வேண்டாம், மினோவா."

திரையைக் காட்டினேன். சுதி எண் பூஜ்யத்தில் இருந்தது. நம்பாமல் கடைப் பையனைக் கூப்பிட்டார். அவன் மூன்று தடவை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பெட்டியை அணைத்துப் போட்டான். அதே சுதி. என் ஃபோனில் அந்தப் பாட்டின் அசல் குழுவே பாடிய பதிவைப் போட்டேன். அதுவும் அதே சுதி.

சோபாவில் மெல்ல உட்கார்ந்தார். "என் காதுல இருக்கிறது இது இல்ல. நான் தினமும் பாடறது இதவிட மேல."

தினமும் என்றார். உதடசைவு ஞாபகம் வந்தது.

வெளியே அவருடைய பழைய சிறிய வேனில் டேப் போடும் வசதி இன்னும் இருந்தது. அந்தக் காலத்தில் சிடியை நெமோத்தோ வாடகைக்கு எடுத்து வந்து, ஒரு டேப்பில் பதிந்து, அதைத் தன் வீட்டு இரட்டை டேப் டெக்கில் ஒரு பக்கம் ஓடவிட்டு மறுபக்கம் நால்வருக்கும் நகல் எடுத்துக் கொடுத்தாராம். அந்த டேப்பைத்தான் போட்டார். நான் ஃபோனைப் பக்கத்தில் பிடித்தேன். டேப்பில் பாடியவள் ஃபோனில் பாடியவளின் தங்கை மாதிரி இருந்தாள். நல்ல அரைக்கட்டை மேலே. பாட்டும் பதினைந்து விநாடி முன்னதாகவே முடிந்தது. வேனின் கோளாறாக இருக்குமோ என்று கேட்டேன். மகனுக்காக எப்போதோ கடையில் வாங்கிய குழந்தைப் பாட்டு டேப்பைப் போட்டார். அது ஒழுங்காக ஓடியது.

குராமோச்சி-சான் டயர் கடைக்கு ஃபோன் செய்தார். நானும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தார். நடந்ததைச் சொன்னதும் அந்தப் பக்கம் காற்றடிக்கும் எந்திரம் நின்றது.

"அந்த டெக்ல ஓடவிடற பக்கம் எப்பவும் அவசரம்தான்," என்றார் நெமோத்தோ. "எங்க அக்காவோட இங்கிலீஷ் டேப்ப அதுல போட்டா, வெள்ளக்காரன் ரயிலுக்கு நேரமான மாதிரி பேசுவான். அது பாட்டையும் தூக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

"கிதார எந்தச் சுதிக்குச் சேத்த?"

"டேப்புக்குத்தான். எல்லாரும் அந்த டேப்புக்குத்தான் சேத்தோம்." பிறகு, "சிஹாரு, அசல் பாட்டப் பாடினவளே பாடாத உயரத்துல உன்னைப் பாட வச்சிருக்கேன்," என்றார். அப்புறம் மன்னிப்புக் கேட்டார்.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். இருபத்தொன்பது வருடம். அவர் ஸ்டியரிங் மீது நெற்றியை வைத்துச் சிரிக்க ஆரம்பித்தார்.

"முட்டாளே," என்றார் ஃபோனில். "உங்க அண்ணன் பொண்ணுகிட்டச் சொல்லிடு. நான் பாடறேன். கிதார ஒழுங்கான சுதிக்கு வை."

ஃபோனை வைத்ததும் என்னைப் பார்த்தார். "நனைஞ்ச விரிப்பு மூட்டைய இறக்கி வச்ச மாதிரி இருக்கு."

நான் தோற்ற நேர்முகத் தேர்வுகளுக்கும் இப்படி ஒரு டெக் காரணமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று அன்று வீட்டுக்கு நடக்கும்போது யோசித்தேன். அப்படி எதுவும் கிடைக்கவில்லை. கேட்ட கேள்விகளுக்கு நான் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஆனாலும் அவருக்காக எனக்கு இருந்த நிம்மதியில் குறை ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். உடற்பயிற்சிக் கூடத்தில் இருநூறு பேர், காலில் பள்ளி கொடுத்த விருந்தாளிச் செருப்போடு. மேளக்காரர் இரண்டு இடத்தில் தடுமாறினார். நெமோத்தோ கிதாரைப் பார்க்கவே இல்லை, பாடுகிறவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். உச்ச இடம் வந்தபோது குராமோச்சி-சான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். குரல் கொஞ்சம் கரகரத்தது. கிழியவில்லை.

கைதட்டல் அடங்கும் முன்பே மேடை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டார். யாரோ தேநீர் பாட்டில் நீட்டினார்கள். வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அங்கேயே வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.