மேல்தட்டும் ஒன்பதாம் பக்கமும்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவை அறைக்கும் லிஃப்டுக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஆபரேஷன் முடிந்த கத்தி, கத்தரி, கிடுக்கியெல்லாம் அழுக்காக ஒரு கதவு வழியே உள்ளே வரும். கழுவி, எண்ணி, துணியில் கட்டி, ஆளுயர நீராவிப் பெட்டிக்குள் வெந்து, மறு கதவு வழியே சுத்தமாக வெளியே போகும். அங்கே பதினான்கு வருஷமாக வேலை பார்ப்பவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் எதுவோ, ஆஸ்பத்திரிக்கு அவள் ‘ஒருவரி அக்கா’.

காரணம் அவளுடைய நோட்டு. வேலை முடிந்ததும், மேல்கோட்டைக் கழற்றும் முன், நின்றபடியே ஒரே ஒரு வரி எழுதுவாள். அன்றைக்குத் தனக்கு என்ன தெரியாமல் போனது என்பதுதான் அந்த வரி. நாலு நோட்டு நிறைந்துவிட்டது.

“எனக்கெல்லாம் நோட்டு பத்தாதுக்கா, கோணிப்பைதான் வேணும்” என்பாள் கூட வேலை பார்ப்பவள். ஆள் குட்டை. மேல்தட்டுக்குக் கை எட்டாமல் எந்நேரமும் ஸ்டூலைத் தேடுவதால் அவளுக்கு ‘ஸ்டூலு’ என்றே பேர் நிலைத்துவிட்டது.

அக்காவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பெட்டியோடு வந்த கையேட்டை நகலெடுத்து வைத்துக்கொண்டு, பஸ்ஸில் தினம் நாலைந்து வரி படிப்பாள். ஆங்கிலம் அவளுக்குப் பள்ளிக்கூடத்தோடு முறிந்த உறவு. தெரியாத சொல்லை போனில் தேடி, ஓரத்தில் பென்சிலால் எழுதுவாள். இரண்டு தடவை இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறாள். கடைசிப் பக்கத்தை எட்ட மூன்று வருஷம் பிடித்தது.

இவ்வளவு பாடும் அந்தப் பிரிவின் சூப்பர்வைசர் ஆவதற்காக. இரண்டு வருஷத்துக்கு முன் ஒருமுறை நேர்காணலுக்குப் போனாள். “நீராவிப் பெட்டி ஒரு சுற்று எப்படி ஓடும், சொல்லுங்க” என்றார்கள். அவளுக்கு வேலை கையில் இருந்தது, வாயில் இல்லை. கதவைத் திறப்பதும், டிரேயை அடுக்குவதும், பிடியைத் திருப்புவதுமாகக் காற்றில் செய்துகாட்டினாள். “கையை ஆட்டாதீங்க, வாயால சொல்லுங்க” என்றார் பெரிய டாக்டர். கை நின்றதும் பேச்சும் நின்றுவிட்டது. அந்த வேலை வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. அவரும் இப்போது ஊர் மாறிப் போக, பதவி மறுபடி காலி. இந்தமுறை அக்காவோடு போட்டியில் இருந்தவன் டிப்ளமோ முடித்த இளைஞன். வாயைத் திறந்தால் குழாய் திறந்த மாதிரி.

முதல் நேர்காணல் முடிந்த கையோடு, பேச்சு நிற்பதற்கு மருந்து கண்டுபிடித்தது அவள் புருஷன். அவருக்குத் தெருமுனையில் சலூன். ஞாயிறு மாலை கூட்டம் ஓய்ந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவளை நாற்காலியில் உட்காரவைத்து, முடிவெட்டும் துணியைக் கழுத்தில் கட்டுவார். கை இரண்டும் துணிக்குள் மாட்டிக்கொள்ளும். இனி வாய்தான் கதி.

“வாங்க மேடம், கட்டிங்கா, ஷேவிங்கா?”

“விளையாடாதீங்க. கேள்வியைக் கேளுங்க.”

“சரி. கட்டு ஈரமா வந்தா ஏன் ஒதுக்கணும்?”

“துணி நனைஞ்சா அது வழியா கிருமி திரும்ப உள்ள போகும். அதனால கட்டைப் பிரிச்சு முதல்லேர்ந்து…”

“துணி ஆடுது. கையை அடக்கு!”

இப்படி எழுபது ஞாயிற்றுக்கிழமைகள். கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்த பெண் மெல்ல மெல்லச் சரளமாகப் பேச ஆரம்பித்தாள்.

ஈரம் என்ற கேள்வி சும்மா வரவில்லை. ஆறு மாதமாக, செவ்வாயும் வெள்ளியும் மட்டும், பெட்டியிலிருந்து வரும் துணிக்கட்டுகளில் ஏழெட்டு நனைந்து வந்தன. மேலே ஆபரேஷன்கள் தாமதமாயின. கம்பெனி இன்ஜினியர் இரண்டு முறை வந்து, பெட்டியில் கோளாறில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நேர்காணலுக்கு முந்தைய ஞாயிறு, சலூன் நாற்காலியில் கழுத்துத் துணியோடு உட்கார்ந்து, கையை மட்டும் வெளியே எடுத்துக் கடைசி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு வாரம் மட்டும் கையெழுத்து தடுமாறியிருந்தது. அவள் காய்ச்சலில் கிடந்த வாரம். நோட்டு விட்டுப்போகக் கூடாதென்று ஸ்டூலு தினமும் போன் செய்து ஒரு வரி சொல்ல, படுத்தபடியே எழுதியது. செவ்வாய்: ‘ஈரம் இல்லை. ஏனென்று தெரியவில்லை.’ வெள்ளி: ‘இன்றும் இல்லை.’

உடனே போன் போட்டாள். “ஏண்டி, நான் இல்லாதப்ப எலும்பு டிரேயை எங்க வெச்சே?”

எலும்பு ஆபரேஷன் நடப்பது செவ்வாயும் வெள்ளியும். அந்த டிரேக்களில் சுத்தி, உளி, திருகாணி என்று இரும்பாகவே இருக்கும். தூக்கினால் தோள் இறங்கும்.

“நான் எங்கக்கா மேல தூக்குறது? கீழ்த்தட்டுலதான் தள்ளினேன். திட்டாதீங்க.”

அக்கா திட்டவில்லை. போனை வைத்துவிட்டுக் கையேட்டைப் பிரித்தாள். ஒன்பதாம் பக்கம். கனமான உலோகம் சூடேறும்போது அதன்மேல் நீராவி தண்ணீராகப் படியும். ஆகவே அது எப்போதும் அடியில். ஓரத்தில் அவளுடைய பழைய பென்சில் எழுத்து: ‘புரியவில்லை. திரும்பப் படிக்கணும்.’ படிக்கவே இல்லை. பத்தாம் பக்கத்துக்குப் போய்விட்டாள்.

ஆறு மாதத்துக்கு முன் பெட்டிக்குள் புது ஷெல்ஃப் வந்தபோது, ஸ்டூலுக்கு எட்டட்டும் என்று லேசான கட்டுகளைக் கீழே விட்டு, எலும்பு டிரேயை மேலே ஏற்றியது அவள்தான். அவ்வளவு கனத்தைத் தோளுக்கு மேல் தூக்கும் தெம்பு தனக்கு மட்டும்தான் என்று உள்ளூரப் பெருமைப்பட்டதும் அவள்தான். மேலிருந்து சொட்டிய தண்ணீர்தான் கீழே இருந்த கட்டுகளை நனைத்திருக்கிறது.

“நாளைக்குச் சொன்னா, தப்பு பண்ணவளுக்கா பதவின்னு கேப்பாங்க” என்றாள். “வேலை கைக்கு வந்தப்புறம் சத்தமில்லாம மாத்திடலாமா?”

புருஷன் கத்தரியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “மாத்தலாம். நோட்டுல என்ன எழுதுவே?”

அவள் துணியைத் தானே அவிழ்த்துக்கொண்டாள்.

மறுநாள் மேசைக்கு அந்தப்பக்கம் பெரிய டாக்டர், மேட்ரன், அலுவலக மேலாளர். அக்கா கைகளை மேசைக்கடியில் வைத்துக்கொண்டாள். நாலு கேள்விக்கு நிறுத்தாமல் பதில் சொன்னாள். ஐந்தாவதாக டாக்டரே கேட்டார்: “இந்த ஈரப் பிரச்னை. உங்களுக்கு முன்னாடி வந்துட்டுப் போன டிப்ளமோ தம்பி புது மெஷின் வாங்கணும்னார். நீங்க?”

“மெஷின் நல்லாருக்கு சார். தப்பு என்னோடது.”

மேட்ரன் பேனாவைக் கீழே வைத்தார். அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. மேல்தட்டு, காய்ச்சல் வாரம், ஒன்பதாம் பக்கம், பென்சில் எழுத்து என்று வரிசையாகச் சொன்னாள். கை அசையவே இல்லை.

“ஆறு மாசமா நீங்கதான் காரணமா?” என்றார் மேலாளர்.

“ஆமா சார். எனக்கே நேத்துதான் தெரியும்.”

டாக்டர் எழுந்தார். “நாளைக்குச் செவ்வாய்தானே? எனக்கே மூணு எலும்பு ஆபரேஷன். நானும் வர்றேன். அடுக்கிக் காட்டுங்க.”

செவ்வாய் மதியம் அந்த ஜன்னலில்லா அறையில் மூன்று அதிகாரிகளும் சுவரோரமாக நின்றார்கள். எலும்பு டிரேக்கள் கீழ்த்தட்டுக்குப் போயின. லேசான கட்டுகள் மேலே ஏறின. ஸ்டூலு ஸ்டூலில் நின்றாள். சுற்று முடிந்து, ஆறவிட்டு, டாக்டர் ஒவ்வொரு கட்டாக உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். முப்பத்திரண்டும் காய்ந்திருந்தன.

“இன்ஜினியர் கண்ணுல படாததை எப்படிம்மா புடிச்சீங்க?”

ஸ்டூலு முந்திக்கொண்டாள்: “நோட்டு சார்! அதுல பாதி நான் சொன்னது.”

பதவி உயர்வுக் கடிதம் பத்து நாளில் வந்தது. சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள் அக்கா செய்த முதல் வேலை, கையேட்டின் ஓரத்தில் ‘புரியவில்லை’ என்று எழுதிய பக்கங்களை எண்ணியது. பத்தொன்பது. அன்று பஸ்ஸில் முதலாவதைப் பிரித்தாள். இறங்கவேண்டிய இடம் மறுபடியும் தாண்டிப்போனது.

கடிதத்தின் நகல் சலூன் கண்ணாடி ஓரத்தில் இருக்கிறது. கழுத்தில் துணி கட்டியவன் எங்கே ஓடுவான்? வருகிறவர்களுக்கெல்லாம் புருஷன் கதையைச் சொல்கிறார்.

“அண்ணே, இதைப் போன மாசமே சொல்லிட்டீங்க.”

“ஒரே தடவையில எல்லாம் புரிஞ்சிடுமா? ஆடாம உக்காரு. அவளுக்கே மூணு வருஷம் ஆச்சு.”