மிச்ச டேப்பில் ரெகே

வெற்று கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் வேலையில் பாட்டு தொல்லையே இல்லை. கேட்ட பாட்டெல்லாம் முடிந்த பிறகு மிஞ்சுகிற மூன்று நிமிஷம்தான் தொல்லை. கடையில் நின்று வதைபட்டவர்களே, உங்களுக்குத் தெரியும். சும்மா விட்டால் "டேப் ஊமையாயிடுச்சு" என்று சண்டைக்கு வருவார்கள். எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் சேர்ந்த நான், ஓர் இங்கிலாந்து மியூசிக் பேண்டை வைத்து நிரப்பினேன். யாரோ காப்பி எடுக்கக் கொடுத்துவிட்டு, திரும்பி வராமலே போன கேசட் அது. அந்த மாதிரிப் பாட்டுக்கு ரெகே என்று பெயராம்.

ஒன்றாம் அடி

அந்தக் கேசட் அட்டையில் பேண்டின் கதை பொடி எழுத்தில் இருந்தது. இங்கிலீஷில் நான் ஃபெயில். அகராதியை வைத்துக்கொண்டு நாலு நாள் படித்தேன். ஜமைக்காவிலிருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், ஒரே பள்ளிக்கூடம். முதலில் கிட்டார் வாங்கினார்கள், அப்புறம்தான் வாசிக்கக் கற்றார்கள். எனக்கு உடனே பிடித்துப்போனது.

சங்கராபுரம் லாரி டிரைவர், நான் நிரப்பிக் கொடுத்த கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். "இன்னாம்மா இது, ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணினா, ஒண்ணுல அடிக்கவே மாட்டேங்கிறான்? டிரம்ஸ்காரன் தூங்கிக்கினு இருக்கானா?"

கதவு

இப்படி மூன்று கேசட் திரும்பியதும் முதலாளி சுருக்கமாகச் சொன்னார்: "இன்னும் ஒண்ணு வந்தா, நீ வூட்டப் பாத்து கெளம்பு." வூட்டுக்குப் போனால் கரும்பு வெட்டத்தான் அனுப்புவார்கள். சோகை இலை கையைக் கிழிக்கும். எனக்கு ஆகாது.

அன்றைக்கு மூங்கில்துறைப்பட்டு மில்லில் வேலை பார்ப்பவர், திருவிழாவில் பறையும் அடிப்பவர், பட்டியல் கொடுக்க வந்தார். ஓடிக்கொண்டிருந்த பாட்டு யாருடையது என்று கேட்டார். கறுப்பர்கள் என்று சொந்த ஊர் கிளப்புகளிலேயே இவர்களை மேடை ஏற்றவில்லை, வெளியூரில் வேறு மாதிரிப் பாட்டுக்காரர்களோடு சேர்ந்துதான் பேர் வாங்கினார்கள் என்றேன். யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்போ அங்கயும் நம்ம ஊரு கோயில் மாதிரி ஒண்ணு இருக்குதா?"

இனிப்பு

கேசட் கம்பெனிக்காரர்கள் பேண்டிடம் கொஞ்சம் இனிப்பாகப் பாடச் சொன்னார்களாம். பாடினார்கள். பழைய ஆட்கள் கோபித்துக்கொண்டு போனார்கள், புது ஆட்கள் ஜாஸ்தி வரவில்லை, பேண்டிலிருந்தே சிலர் விலகினார்கள்.

நானும் பயந்துபோய் ஒரு வாரம் எல்லா கேசட்டையும் அம்மன் பாட்டால் நிரப்பினேன். கல்யாணம் நிச்சயமான பெண் ஒருத்தி அடுத்த பட்டியலோடு வந்து நின்றாள். "ஏம்மே, லவ் பாட்டு முடிஞ்ச உடனே ஆத்தா வந்து நிக்கிறா. நா இன்னா தப்பு பண்ணேன்?"

சரி, தொலையட்டும் என்று மறுபடி ரெகேவுக்கே போனேன்.

மலையிலிருந்து

மலைமேல் கரியாலூரில் டீக்கடை வைத்திருப்பவர் கையில் கேசட்டோடு படியேறினார். முதலாளி கேசட்டைப் பார்த்தார், அப்புறம் ஆணியில் தொங்கிய என் பையைப் பார்த்தார். நான் பையை எடுத்தே விட்டேன்.

டீக்கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "கேசட்டு நல்லாத்தாங்க இருக்குது. கடைசில ஒரு இங்கிலீஷ் பாட்டு பாதியிலே நின்னுடுது. அருவிக்கு வர்றவங்கல்லாம் மீதி எங்கன்னு உசுர எடுக்கிறாங்க. அத முழுசாப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க."

ஆக, இந்தத் தொழிலில் ஒரு பாட்டை ஊருக்குப் பிடிக்கவைக்க வேண்டுமென்றால், அதை நல்ல இடமாகப் பார்த்து அறுத்துவிட்டாலே போதும்.