பம்ஸ தொங்கிய வீடு

ஒன்பது வயதில் எனக்குப் பக்தி கொஞ்சம் அதிகம், அதுவும் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்.

டென்மார்க்கில், இக்காஸ்ட் நகரத்திலிருந்த எங்கள் தமிழ்ச் சபையிலிருந்து சில குடும்பங்கள் இலையுதிர்கால விடுமுறைக்கு அல்பேனியாவுக்கு ஊழியத்துக்குப் புறப்பட்டன. பிள்ளைகள் ஆளுக்கொரு விளையாட்டுச் சாமான் கொண்டுபோய் அங்குள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. “பழசுகளைக் கழிச்சு விடக் கூடாது, பிள்ளை. உனக்கு விருப்பமானதைக் குடுக்கோணும்” என்றார் அப்பா. நான் சபைக்கு முன்னால் என் பம்ஸவைத் தூக்கிக் காட்டினேன். டெனிஷ் பிள்ளைகளைப் போல என் கரடிப் பொம்மையை நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். அந்தப் பெருமை விமானம் ஏறும்வரைகூட நிற்கவில்லை.

நாங்கள் தங்கிய கிராமத்து வீட்டில் ஒரு தாயும் என் வயதில் ஒரு மகளும் இருந்தார்கள். தகப்பனுக்குக் கிரேக்கத்தில் வேலை. வருடத்துக்கு ஒருமுறை வந்து வீட்டைக் கொஞ்சம் கட்டிவிட்டுப் போவாராம். கீழ்த்தளம் முடிந்திருந்தது, மேலே தூண்களும் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளும்தான். அந்தத் தாய் நெஞ்சில் கைவைத்து எங்களை வரவேற்று, தங்கள் கட்டில்களை எங்களுக்குத் தந்துவிட்டுக் குசினியில் படுத்தார். உதவி செய்யப் போன எங்களை ஒரு கோப்பைகூடக் கழுவ விடவில்லை. அப்பாவுக்கு அது பெரிய சங்கடம்.

பம்ஸவைக் கொடுத்தபோது அந்தப் பிள்ளை அதற்கு முத்தம் கொடுத்தாள். மறுநாள் காலை முற்றத்துக்கு வந்து பார்த்தால், உச்சியிலிருந்த கம்பியில், கழுத்தில் சுற்றிய வயரோடு என் பம்ஸ தொங்கிக்கொண்டிருந்தது.

நான் போட்ட கூச்சலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இருந்தாலும் எங்களோடு வந்த மொழிபெயர்ப்பாளர் பொறுமையாகச் சொன்னார். கட்டிமுடியாத வீட்டில் பொறாமைக்கண் படக்கூடாது என்று இங்கே பொம்மை கட்டுவார்கள். பெரும்பாலும் பழந்துணியில் செய்ததுதான். ஆனால் இவள், தனக்குக் கிடைத்ததிலேயே நல்லதைத் தன் அப்பா கட்டும் வீட்டுக்குக் கொடுத்திருக்கிறாள்.

இதில் எதுவும் என் காதில் ஏறவில்லை. அப்பாவின் காதில் ஏறியது வேறு. “இது எங்கட ஊரில புதுவீட்டுக்குக் கட்டுற வெருளியெல்லோ! இதுகளை விட்டிட்டுத்தானே நாங்கள் ஆண்டவரிட்ட வந்தனாங்கள்” என்றார். இக்காஸ்ட்டில் நாங்கள் வீடு வாங்கியபோது, வாசலில் கட்டவென்று தேசிக்காயும் மிளகாயும் கொண்டுவந்த சித்தியை அப்படியே திருப்பி அனுப்பியவர் அவர். அம்மா, தொழிற்சாலைக்கு வழக்கமாகப் போட்டுப்போகும் சிவப்பு ஸ்வெட்டரின் கைகளை இழுத்துவிட்டபடி அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் அழுகையை நிறுத்துவதாக இல்லை. கடைசியில் அந்தத் தாயே ஏணி வைத்து ஏறி அவிழ்த்தார். மகள் ஈரத்துணியால் துருவைத் துடைத்துப் பம்ஸவை என்னிடம் நீட்டினாள், அதன் கையில் இரண்டு வால்நட்டையும் சேர்த்து. விருந்தாளி கேட்டதை மறுக்கும் வழக்கம் இங்கில்லை என்றார் மொழிபெயர்ப்பாளர். அப்பா “ஸ்தோத்திரம்” என்றார். எனக்கு ஒரே வெற்றிக் களிப்பு. அவள் வெறுங்கையோடு நின்றதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை, அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து நாங்கள் வேனில் ஏறினோம். முன் இருக்கையில் அப்பா கண்களை இறுக மூடிக்கொண்டு, அந்த வீட்டை ஆசீர்வதிக்கும்படி சத்தமாக ஜெபித்தார். நான் பம்ஸவை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அதே கம்பியில், கைகளுக்குள் வைக்கோல் திணித்த ஒரு சிவப்பு ஸ்வெட்டர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“அம்மா, உங்கட...” என்று தொடங்கினேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

விமான நிலையத்தில் அவர் குளிரில் நடுங்குவதைக் கண்டு அப்பா ஸ்வெட்டர் எங்கே என்று கேட்டார். “மறந்துபோய் விட்டிட்டு வந்திட்டன்” என்றார் அம்மா.

ஊழியத்துக்குப் போன இடத்தில் அம்மா பொய் சொல்கிறாரே என்று எனக்கு ஒரே அதிர்ச்சி. அவருக்காக அன்றிரவு முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டேன், பம்ஸவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.